எந்திரத்துக்கு இடக்கை உண்டா?

தையற்காரர் ஒருவர் சட்டைக்குத் துணி வெட்டுவதை அருகில் நின்று கவனித்திருக்கிறீர்களா? மதுரையில் இதற்குப் பேர்போன இடம் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அதன் கல் தூண்களுக்கு நடுவே தையல் எந்திரங்களைப் போட்டுக்கொண்டு தையற்காரர்கள் நெடுங்காலம் தொழில் செய்து வந்தனர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது நீர் பீய்ச்சும் பக்தர்கள் தங்களுக்குரிய உடையை அவர்களிடம் தைத்து வாங்குவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கடை மாறினாலும் துணி வெட்டும் முறை மாறவில்லை.

தையற்காரர் துணியை மேசைமேல் விரிக்கிறார். முன்பாகம், பின்பாகம், கை ஆகிய பெரிய துண்டுகளை முதலில் சுண்ணக்கட்டியால் வரைகிறார். கைக்குழி வளைவின் ஓரத்தில் மீந்த இடத்தில் காலர் வந்து உட்காருகிறது. அதற்கும் அப்பால் மீந்ததில் பையும் பட்டியும் அடங்கிவிடுகின்றன. பிறகு கத்தரியை எடுக்கிறார். வலக்கை கத்தரியை ஓட்டுகிறது. இடக்கை என்ன செய்கிறது? நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அது துணியை அமர்த்திப் பிடிக்கிறது. கத்தரி வரும் திசைக்கு ஏற்ப இடம் மாறுகிறது. பிரிந்து வரும் துண்டை நகராமல் தாங்குகிறது. இடக்கை தவறினால் வலக்கை எவ்வளவு திறமையாக இருந்தாலும் வெட்டு கோணிப்போகும்.

வலக்கையின் வேலையை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இடக்கையின் வேலையைத்தான் இன்றும் ஒவ்வொரு பட்டறையிலும் மனிதன் எந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை இங்குக் காண்போம்.

எண்களால் ஓடும் கட்டர்

1940-களில் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். அவற்றின் வளைவைக் கையால் அளந்து வெட்டுவது பெரும்பாடாக இருந்தது. வளைவின் மீதுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே எந்திரத்தை ஓட்டலாம் என்ற கருத்து அங்கிருந்து பிறந்தது. 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட நாடாவைப் படித்து ஓடும் வெட்டு எந்திரத்தை இயக்கிக் காட்டினர். பின்னர் நாடா போய்க் கணிப்பொறி வந்தது. அதுவே இன்றைய சி.என்.சி. எந்திரம்.

கே. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளை உடைய மதுரையில் சிறு பட்டறைகளுக்குக் குறைவில்லை. சமையலறை அலமாரி, கட்டில், பள்ளி மேசை முதலியவை செய்யும் மரப் பட்டறைகளில் இன்று சி.என்.சி. ரௌட்டர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ரௌட்டர் என்பது ஒரு பெரிய மேசை. அதன்மேல் ஒரு முழுப் பிளைவுட் பலகையைக் கிடத்துவர். மேலே குறுக்குப் பாலம் போன்ற சட்டத்தில் ஒரு மோட்டார் தொங்கும். அதன் முனையில் விரல் தடிமனுக்கும் குறைந்த கட்டர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும். மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமுமாக நகர்ந்து அது பலகையை வெட்டித் தள்ளும்.

எங்கே நகர வேண்டும் என்ற எண் வரிசையை யார் எழுதுவது? கணிப்பொறியில் வரைந்த படத்தைப் படித்து அந்த எண்களை எழுதித் தரும் மென்பொருளுக்குக் 'கேம்' என்று பெயர். கணிப்பொறி உதவியுடன் உற்பத்தி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஒரு துண்டுக்கு என்னென்ன வேலை, எந்தக் கட்டர், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று அதனிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். எண்களை அது எழுதிக்கொள்ளும்.

ஐந்து மில்லிமீட்டர் தின்ற இரண்டு துண்டுகள்

ஒரு பலகையில் ஒரு துண்டை மட்டும் வெட்டுவார் இல்லை. தையற்காரரைப் போலவே எத்தனை துண்டுகள் அடங்குமோ அத்தனையையும் நெருக்கி அடுக்குவர். இதனைத் தொழிலில் 'நெஸ்டிங்' என்பர். கூட்டில் குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படுத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இதை 'அடுக்கு' என்றே சொல்வோம்.

கையில் காகிதம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டடிக்கு நான்கடி பலகை ஒன்று 2,440 மி.மீ. நீளமும் 1,220 மி.மீ. அகலமும் உடையது. அதில் 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் உள்ள தட்டுகள் வேண்டும். கட்டரின் விட்டம் 6 மி.மீ.; ஆகவே வெட்டுத் தடமும் 6 மி.மீ. அகலம். அந்த அளவு மரம் தூளாகப் போய்விடும்.

அகலவாட்டில் மூன்று தட்டுகள் வைத்தால் 1,200 மி.மீ.; நடுவே இரண்டு தடங்களுக்கு 12; ஆக 1,212. எட்டு மில்லிமீட்டர் மிச்சம். நீளவாட்டில் நான்கு தட்டுகளுக்கு 2,400, மூன்று தடங்களுக்கு 18, ஆக 2,418. அதுவும் அடங்குகிறது. மொத்தம் 12 தட்டுகள். பலகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பங்கு பயனாகிறது.

இப்போது வாடிக்கையாளர் வந்து, "தட்டின் அகலம் 405 ஆக இருக்கட்டும்" என்கிறார். ஐந்து மில்லிமீட்டர்தானே! ஆனால் மூன்று தட்டுகளும் இரண்டு தடங்களும் சேர்ந்தால் 1,227 ஆகிவிடும். பலகையில் அடங்காது. தட்டைத் திருப்பிப் போட்டால் அகலவாட்டில் இரண்டு, நீளவாட்டில் ஐந்து; மொத்தம் பத்துதான். நேர் வரிசையில் அதற்குமேல் வழியில்லை. பயன் 82 பங்குக்கு இறங்கிவிடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் இரண்டு தட்டுகளைத் தின்றுவிட்டது!

இவ்வகைக் கணக்குகள் பெரிய அறிஞர்களையும் ஈர்த்தவை. லெனின்கிராடு நகரின் கணித அறிஞர் கந்தரோவிச்சிடம் 1938-இல் ஒரு பிளைவுட் நிறுவனத்தார் வந்தனர். மரங்களை எந்த எந்திரத்துக்கு எவ்வளவு பங்கிட்டால் விளைச்சல் மிகும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு வழி தேடியதில் ஒரு புதிய கணிதமே உருவாயிற்று. மறு ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூலில் பொருள் வீணாகாமல் வெட்டும் கணக்கும் இடம்பெற்றது. பொருளியலுக்கான நோபல் பரிசு 1975-இல் அவருக்கும் கூப்மன்சுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 1961-இல் கில்மோர், கோமரி என்ற இருவர் வெட்டுக் கணக்கைக் கணிப்பொறியில் தீர்க்கச் சிறந்த வழி ஒன்றைக் காட்டினர். இன்று கோணல்மாணலான துண்டுகளையும் மென்பொருள் சில நிமிடங்களில் அடுக்கிக் காட்டுகிறது.

அப்படியானால் வேலை முடிந்தது என்று நினைப்போம். பாதிதான் முடிந்தது. தனியாக வெட்டும்போது சரியாக இருந்த கட்டளை, அடுக்கில் போய் உட்கார்ந்ததும் தவறாகிவிடக்கூடும். ஏனெனில் இப்போது அந்தத் துண்டுக்கு அண்டை வீட்டார் இருக்கிறார்கள்.

காற்றே கைப்பிடி

எந்திரத்தின் மேசையில் பலகையைப் பிடித்திருப்பது எது? பெரும்பாலான ரௌட்டர்களில் காற்றழுத்தம்தான். மேசையின் மேல் காற்றுப் புகக்கூடிய மரத்தூள் பலகை ஒன்றைப் பதித்திருப்பர். அடியிலிருந்து பம்பு காற்றை உறிஞ்சும். மேலிருக்கும் காற்று பலகையைக் கீழே அழுத்தும்.

காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. பம்பு அதில் பாதியைத் தருகிறது என்று கொள்வோம். 60 செ.மீ.க்கு 40 செ.மீ. தட்டின் பரப்பு 2,400 சதுர செ.மீ. அதன்மேல் 1,200 கிலோ எடை அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும். பத்துப் பதினைந்து பேர் ஏறி நின்றாற்போல அது அசையாது. அதே பலகையில் 10 செ.மீ.க்கு 8 செ.மீ. அளவுள்ள சிறு துண்டு ஒன்றும் இருக்கட்டும். அதன்மேல் அமரும் எடை 40 கிலோதான். கட்டரோ மேலிருந்து அழுத்துவதில்லை; பக்கவாட்டில் தள்ளுகிறது. உராய்வு எண்ணை 0.3 என்று வைத்தால், பெரிய தட்டு 360 கிலோ தள்ளலைத் தாங்கும். சிறு துண்டு 12 கிலோவுக்கே நழுவிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்ட வெட்டத் தடங்கள் வாய் திறக்கின்றன. நம் 12 தட்டு அடுக்கில் உள்தடங்களின் நீளம் மட்டும் 850 செ.மீ.; அகலம் 0.6 செ.மீ. அதாவது 500 சதுர செ.மீ.க்கு மேல் திறந்த வாய். அதன் வழியே காற்று உள்ளே பாய்ந்து பிடிப்பைக் குறைக்கிறது. முதல் தட்டை வெட்டும்போது இருந்த பிடிப்பு கடைசித் தட்டுக்கு இராது. சித்திரை வெயிலில் சுவரில் சாய்த்து வைத்த பலகை வளைந்திருந்தால் தொடக்கத்திலிருந்தே பிடிப்பு குறைவுதான். மின்சாரம் நின்றுவிட்டாலோ பிடிப்பு முழுவதும் போய்விடும்.

நழுவிய துண்டு என்ன ஆகும்? ஓரம் கோணும். சில வேளை கட்டரில் சிக்கித் தெறித்து ஓடும், கட்டர் முறியும், அருகில் நிற்பவர் முகத்திலும் படும். ஆகவே இது பொருள் வீணாகும் கணக்கு மட்டுமன்று. உடலுக்கு ஊறு வரும் கணக்கும் ஆகும்.

எதை முதலில் வெட்டுவது?

இங்கேதான் கட்டளைகளைத் திருத்தும் வேலை தொடங்குகிறது. முதல் திருத்தம் வரிசை.

ஒவ்வொரு தட்டிலும் சில துளைகள் இட வேண்டும், பிறகு சுற்றி வெட்ட வேண்டும் என்று கொள்வோம். துளைக்கு ஒரு கருவி, சுற்று வெட்டுக்கு ஒரு கருவி. ஒவ்வொரு தட்டாக முடித்துக்கொண்டு போனால் 12 தட்டுகளுக்கு இடையே 23 முறை கருவி மாற்ற வேண்டும். கையால் மாற்றும் எந்திரத்தில் ஒரு மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வீண். பலகை முழுவதிலும் துளைகளை முதலில் முடித்துவிட்டுப் பிறகு சுற்று வெட்டுக்குப் போனால் ஒரே ஒரு மாற்றம் போதும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. துளையிடும்போது பலகை முழுசாக இருப்பதால் பிடிப்பும் முழுசாக இருக்கும். உள்ளே உள்ள துளை, குழி, வரி எல்லாம் முதலில். துண்டைப் பலகையிலிருந்து பிரிக்கும் வெட்டு கடைசியில். இது மாறாத விதி.

இனிச் சுற்று வெட்டுக்கு வருவோம். 12 தட்டுகளை எந்த வரிசையில் வெட்டலாம்? 47,90,01,600 வரிசைகள் உண்டு. கட்டர் வெறுங்காற்றில் ஓடும் தூரம் குறைவாக உள்ள வரிசையைத் தேடி மென்பொருள் தரும். ஆனால் குறைந்த தூரம் எப்போதும் நல்ல வரிசை அன்று. அடுக்கில் சிறு துண்டுகள் கலந்திருந்தால் அவற்றைப் பிடிப்பு முழுமையாக இருக்கும்போதே, முதலில், வெட்டிவிட வேண்டும். அவற்றைப் பலகையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைப்பதும் நல்லது. பெரிய தட்டுகள் கடைசியில் வெட்டினாலும் தம் எடையாலும் பரப்பாலும் தாக்குப்பிடிக்கும். கட்டர் இரண்டு மீட்டர் கூடுதலாக ஓடினால் சில நொடிகள் போகும். ஒரு துண்டு கெட்டால் பலகையே போகும்.

ஒரே துண்டைச் சுற்றும்போதும் தொடங்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கடைசியாகப் பிரியும் பக்கம், இன்னும் வெட்டாத பெரும்பலகையோடு ஒட்டிய பக்கமாக இருந்தால் இறுதி நொடி வரை அது தாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் அடுக்கில் துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளுக்குத் தொடக்கப் புள்ளி வெவ்வேறாக அமையலாம்.

தோலும் பாலமும்

வரிசையை மாற்றியும் பிடிப்புப் போதாத சிறு துண்டுகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு உபாயங்கள்.

முதலாவது, 18 மி.மீ. பலகையை முழு ஆழம் வெட்டாமல் அடியில் அரை மில்லிமீட்டர் அளவு விட்டுவைப்பது. மெல்லிய தோல் ஒன்று எல்லாத் துண்டுகளையும் ஒரே பலகையாகவே வைத்திருக்கும். காற்றும் கசியாது. எல்லாவற்றையும் இப்படி வெட்டிய பிறகு மறு சுற்று வந்து தோலை மட்டும் அறுப்பர். அப்போது கட்டர் நீக்க வேண்டிய மரம் மிகச் சொற்பம். தள்ளும் விசையும் சொற்பம். ஆங்கிலத்தில் இம்முறைக்கு வெங்காயத் தோல் என்றே பெயர். இதற்கு விலை, இன்னொரு முறை சுற்றிவரும் நேரம்.

இரண்டாவது, சுற்றிலும் இரண்டு மூன்று இடங்களில் சிறு பாலங்களை வெட்டாமல் விடுவது. துண்டு பக்கத்து மரத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு உளியால் தட்டி எடுத்து அரத்தால் தேய்க்க வேண்டும். 12 துண்டுகளுக்குத் தலா நான்கு பாலம் என்றால் 48 இடங்களைக் கையால் தேய்க்க வேண்டும். எந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தை அரம் விழுங்கிவிடும். ஆகவே தேவையான துண்டுக்கு மட்டும், வளைவிலோ மூலையிலோ அல்லாமல் நேர்ப் பக்கத்தில், பார்வைக்கு வராத ஓரத்தில் பாலம் விட வேண்டும். இதை மென்பொருள் தானாக அறியாது. எந்த ஓரம் சுவர்ப்பக்கம் போகும், எந்த ஓரம் கண்ணில் படும் என்பது அலமாரி செய்பவருக்குத்தான் தெரியும்.

அண்டை வீட்டுச் சுவர்

கட்டர் மரத்துக்குள் நேராகக் குத்தி இறங்கினால் சூடேறிக் கருகும். இறங்கிய இடத்தில் வடுவும் படும். அதனால் துண்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி இறங்கி, ஒரு சிறு வளைவாக வந்து ஓரத்தைத் தொடும்படி நுழைவுப் பாதை வகுப்பது வழக்கம். தனித் துண்டுக்கு 10 மி.மீ. ஆர வளைவு அழகாக இருக்கும். அடுக்கிலோ பக்கத்துத் துண்டு 6 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதே வளைவு அண்டை வீட்டுச் சுவரைக் குடைந்துவிடும். இங்கே நுழைவை மாற்ற வேண்டும்: தடத்தின் வழியாகவே சரிவாக, மெல்ல மெல்ல இறங்கச் சொல்ல வேண்டும். அல்லது நுழைவிடத்தை எஞ்சிய மரம் அகலமாக இருக்கும் மூலைக்கு நகர்த்த வேண்டும்.

துண்டுகளுக்கு இடையே விடும் இடைவெளியிலும் சூட்சுமம் உண்டு. 6 மி.மீ. கட்டரால் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே சுற்றினால் இடையில் 12 மி.மீ. மரம் போகும். இடைவெளி 13 ஆக இருந்தால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சீவல் நிற்கும். பிடிப்பற்ற அந்தச் சீவல் முறிந்து கட்டரில் சுற்றிக்கொள்ளும். ஆகவே இடைவெளியை நெருக்கமாக வைக்க வேண்டும். அல்லது தாராளமாக வைக்க வேண்டும். இரண்டும்கெட்டானாக வைக்கக் கூடாது.

இடைவெளியைச் சரியாக 6 மி.மீ. ஆக வைத்தால் ஒரே தடம் இரண்டு துண்டுகளுக்கும் பொதுவாகிவிடும். வீட்டுக்கு வீடு தனிச் சுவர் எழுப்பாமல் பொதுச் சுவர் எழுப்புவது போன்றது இது. நம் 12 தட்டுகளைத் தனித்தனியே சுற்ற 24 மீட்டர் வெட்ட வேண்டும். பொதுத் தடத்தால் 8.4 மீட்டர் மிச்சமாகி 15.6 மீட்டரே போதும். ஆனால் ஒரு குறை உண்டு. சுழலும் கட்டரின் பற்கள் தடத்தின் ஒரு சுவரில் அது போகும் திசையை எதிர்த்து வெட்டும். மறு சுவரில் அதே திசையோடு சேர்ந்து வெட்டும். எனவே இரு ஓரங்களின் வழவழப்பும் ஒன்றாக இராது. மறைந்துபோகும் உள்தட்டுக்கு இது போதும், முன்கதவுக்குப் போதாது.

திருப்பலாம், கவிழ்க்கக் கூடாது

தையற்காரர் துணி மிச்சமாகும் என்பதற்காகச் சட்டையின் முன்பாகத்தைக் குறுக்கே போட்டு வெட்டுவாரா? மாட்டார். பாவு நூல் ஓடும் திசை அவருக்கு முக்கியம். மரத்திலும் அப்படியே. தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட்டில் இழை ஒரு திசையில் ஓடும். கதவு இரண்டில் ஒன்றுக்கு இழை செங்குத்தாகவும் மற்றொன்றுக்குக் கிடையாகவும் அமைந்தால் எவரும் வாங்கமாட்டார். கணிப்பொறிக்கு இது தெரியாது; இரண்டும் 600-க்கு 400 என்பதே அதற்குத் தெரியும். ஆகவே எந்தத் துண்டைத் திருப்பலாம், எதைத் திருப்பக் கூடாது என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். உள்தட்டுக்கு உரிமை கொடுக்கலாம், கதவுக்குக் கூடாது.

கவிழ்ப்பது இன்னும் கேடு. அலமாரியின் இடப்பக்கப் பலகையும் வலப்பக்கப் பலகையும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றுக்கொன்று மாறானவை. இடம் அடங்குகிறது என்று மென்பொருள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால், கீலுக்குரிய துளைகள் தவறான முகத்தில் விழும். பலகை முழுவதும் அளவு பிசகாமல் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் மாட்ட முடியாது!

திருத்தத்தை எங்கே எழுதுவது?

இத்தனை திருத்தங்களையும் எங்கே எழுதுவது என்பது கடைசிக் கேள்வி. மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, துண்டின் மூலக் குறிப்பு. துளைகளின் ஆழம், இழையின் திசை, கவிழ்க்கக் கூடாது என்ற தடை முதலியன துண்டோடு பிறந்த குணங்கள். எந்தப் பலகையில் எங்கே போனாலும் அவை கூடவே வர வேண்டும். இவற்றை இங்கே எழுதினால் பன்னிரண்டு படிகளுக்கும் ஒரே முறையில் சேரும்.

இரண்டு, பொது விதி. "ஒரு பக்கம் 15 செ.மீ.க்குக் குறைந்த துண்டுக்கெல்லாம் தோல் விடு, அவற்றை முதலில் வெட்டு" என்பது போன்றது. இது எந்தத் தனித் துண்டையும் சேர்ந்ததன்று. பட்டறையின் அனுபவத்தைச் சேர்ந்தது. பம்பு வலிமை குறைந்த பட்டறையில் 15 என்பதை 25 என்று எழுத வேண்டியிருக்கும்.

மூன்று, அடுக்கி முடிந்த பிறகு தனி ஒரு துண்டுக்குச் செய்யும் திருத்தம். "மூலையில் இருக்கும் இந்த ஒன்றுக்கு மட்டும் நுழைவிடத்தை மாற்று" என்பது. இது அண்டை வீட்டாரைப் பொறுத்தது. ஆதலால் அடுக்கு உள்ளவரைதான் அதற்கு ஆயுள். ஒரு துண்டு கூடுதலாக வேண்டும் என்று மறுபடி அடுக்கினால் அண்டை வீட்டார் மாறிவிடுவர். பழைய திருத்தம் அழிந்துபோகலாம். அழியாமல் தவறான இடத்தில் நின்றுவிட்டால் அதைவிடக் கேடு. எனவே மறு அடுக்குக்குப் பின் மூன்றாம் வகைத் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

மரத்துக்குச் சொன்னது இரும்புத் தகட்டுக்கும் பொருந்தும், கவலைதான் வேறு. லேசர் ஒளியாலோ பிளாஸ்மா சுடராலோ வெட்டும்போது பக்கவாட்டுத் தள்ளல் இல்லை. ஆனால் வெப்பம் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை அடுத்தடுத்து வெட்டினால் ஓரிடத்தில் சூடு தேங்கித் தகடு நெளியும். அதனால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தாவித் தாவி வெட்டச் சொல்வர். பிரிந்த சிறு துண்டு சட்டத்தில் சாய்ந்து தலைதூக்கினால் வெட்டுமுனை அதில் மோதும். முதல் துளை குத்தும் இடம் அகலமாக உருகும். ஆகவே அதை வீணாகும் பகுதியில்தான் குத்த வேண்டும். பொருள் மாறினாலும் கேள்வி ஒன்றே: இந்தத் துண்டு பிரியும் நொடியில் இதைச் சுற்றி என்ன இருக்கும்?

நீங்களே செய்து பாருங்கள்

இதை உணர எந்திரம் வேண்டியதில்லை. பழைய அட்டை ஒன்றில் பெரிதும் சிறிதுமாகப் பத்துத் துண்டுகளை நெருக்கமாக வரையுங்கள். நண்பர் ஒருவரை அட்டையின் ஒரு மூலையை ஒற்றை விரலால் மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் இடக்கையால் தொடாமல் கத்தரியால் வெட்டுங்கள். முதலில் பெரியவற்றை வெட்டி ஒருமுறை. சிறியவற்றை வெட்டி இன்னொரு முறை. எந்த முறையில் எத்தனை துண்டுகள் கோணின என்று எண்ணுங்கள். பிறகு பிரிக்கும் இடங்களில் அரை சென்டிமீட்டர் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். பாலத்தின் பயன் அப்போது தெரியும்.

நாற்பது ஆண்டு மரவேலை செய்த ஆசாரியிடம், "ஏன் இந்தப் பக்கத்தைக் கடைசியில் அறுக்கிறீர்கள்?" என்று கேட்டால், "அப்படித்தான் அறுக்கணும் தம்பி" என்பார். காரணம் அவர் கையில் இருக்கிறது, வாயில் வருவதில்லை. சி.என்.சி. எந்திரம் வந்த பட்டறையில் அந்தக் காரணத்தைச் சொல்லாக்கி, எண்ணாக்கி, விதியாக்கி எழுத ஒருவர் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துக் கணிப்பொறியின் முன் உட்காரும் மாணவருக்கு மென்பொருளின் பொத்தான்கள் ஒரு மாதத்தில் பழகிவிடும். எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் ஆசாரியின் பக்கத்திலும், தையற்காரரின் மேசை அருகிலும் நின்றுதான் கற்க வேண்டும். அப்படி நிற்கும்போது கத்தரியைப் பார்க்காமல் இடக்கையைப் பார்க்க வேண்டும்.